ஒரு முழு பிஸ்கட்

அண்ணிக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தாள். பொங்கி வழிந்ததும் அடுப்பைத் திட்டினாள். தங்கை மகள் கல்யாணத்துக்கு எடுத்து, அந்த ஒரு நாளுக்குப் பிறகு பீரோவை விட்டு வெளியே வராத உடையை எடுத்து உதறினாள், மடித்தாள், மறுபடியும் உதறினாள். ஓட்டலுக்குப் போகவேண்டியது மாலையில்தான். அவளைப் பார்த்தால் வாசலில் வண்டி வந்து நின்று ஹாரன் அடிப்பதுபோல் இருந்தது.

அண்ணி என்று அவளைக் கூப்பிட உண்மையில் உரிமை உள்ளவள் ஒருத்திதான், அவளுடைய நாத்தனார். அவள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எதிர்வீட்டுக்காரர், பேப்பர்காரர், மளிகைக் கடைக்காரர் என்று தெருவே அண்ணி என்றது. நாத்தனாருக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் ஊசி. சீருடை தைக்கும் கம்பெனியில் வேலை, ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும், வேறென்ன பெயர் வைப்பது? கல்யாணமே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்று ஜெயித்து மாடியறையில் குடியிருப்பவள். கழுத்தில் போட்ட இஞ்ச் டேப்பைக் கழற்ற மறந்து கடைவீதிக்கே போய்விடுவாள். அவள் நாக்கு யாருக்கும் பயப்படாது. ஒன்றை ருசி பார்ப்பதென்றால் கண்களை இறுக மூடிக்கொள்வாள். கண் திறந்திருந்தால் அழகைப் பார்த்து மயங்கி நாக்கு பொய் சொல்லிவிடும் என்பது அவள் கட்சி.

அண்ணி வீட்டிலேயே பிஸ்கட்டும் கேக்கும் செய்து ஆர்டருக்குக் கொடுப்பவள். வீட்டின் கீழே இருந்த பூட்டு ரிப்பேர் கடை காலியானதும் அவளுக்கு ஆசை வந்துவிட்டது. அந்த இடத்தில் சொந்தமாக ஒரு கடை. ஆனால் அவளுக்கு ஓவன் முன்னால் நிற்கத் தெரியுமே தவிர, வந்தவர்களிடம் வாயைத் திறந்து பேசத் தெரியாது. ஒருவர் விலை கேட்டுவிட்டு லேசாக முகம் சுளித்தால் போதும், பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லுவாள். ஊசி கல்லாவுக்கு வந்தால்தான் கடை. இல்லாவிட்டால் கடை என்ற பேச்சே இல்லை.

ஊசியோ பிடி கொடுக்கவில்லை. கம்பெனியில் அவளைச் சூப்பர்வைசர் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். இத்தனை வருஷமாக முதுகு சாயாத ஸ்டூலில் குனிந்து தைத்தவளுக்கு இனி சாய்மானம் உள்ள நாற்காலி கிடைக்கும். மறுநாள் காலையில் பதில் சொல்லியாக வேண்டும். அவளுக்கும் கடை ஆசை இல்லாமல் இல்லை. அதில்கூட ஒரு சண்டை இருந்தது. கடையில் நாலு நாற்காலி போடவேண்டும் என்பாள் ஊசி. இருக்கிற இடம் இவ்வளவுதான், அதில் நாற்காலி போட்டால் ஆள் எங்கே நிற்பது, வாங்கினோமா போனோமா என்று இருக்கட்டும் என்பாள் அண்ணி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணி மலை மாதிரி அசையாமல் நின்றாள்.

இந்த இழுபறிக்கு நடுவில்தான் அண்ணன், அதாவது அண்ணியின் கணவர், ஒரு ஓட்டல் கூப்பனைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலேயே பெரிய ஓட்டலில் லிஃப்ட் நின்றுபோய் உள்ளே ஒரு விருந்தாளி மாட்டிக்கொள்ள, அண்ணன் போய் வெளியே எடுத்துவிட்டார். அதற்கு நன்றியாக இரண்டு பேருக்கு மாலை டீ. அவருக்குப் போக இஷ்டமில்லை. அந்த ஓட்டலை அவர் அடியிலிருந்தும் உச்சியிலிருந்தும் பார்த்திருக்கிறார், நடுவில் உட்கார்ந்து டீ குடிக்க அவருக்குக் கூச்சம். ஆனால் சமையல்காரர்கள் போய்வரும் லிஃப்டில் அடிக்கும் வாசனை இருக்கிறதே, அதை மட்டும் கண்கள் சொருக வர்ணித்தார். நெய்யில் எதையோ வறுத்த மாதிரி, அப்படியே மயக்கம் வரும் என்றார்.

ஊசி கூப்பனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தீர்ப்பு சொன்னாள்.

"இதுதான் ஊர்லயே பெரிய இடம். போய்த் தின்னு பார்ப்போம். நம்மால இதுக்குக் கிட்டயாவது போக முடியும்னு என் நாக்கு சொன்னா, மறுநாளே வேலையை விட்டுடறேன். இல்லைன்னா நான் சூப்பர்வைசர் அண்ணி. அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக்கூடாது."

ஆகவே அன்று மாலை அண்ணிக்கு அது டீ இல்லை, பரீட்சை. வாய் சுத்தமாக இருக்கவேண்டும் என்று இருவரும் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. போதாததற்கு அண்ணி காலையிலேயே ஓவனைப் பற்றவைத்து வெண்ணெய் பிஸ்கட் போட்டாள். ஓட்டல் பிஸ்கட் ஒரு கையில், நம்ம பிஸ்கட் ஒரு கையில், ஊசியே கடித்துப் பார்த்துச் சொல்லட்டும் என்று திட்டம். ஓவனில் வைக்கும் முன் ஒவ்வொன்றையும் முள்கரண்டியால் குத்தினாள். அந்த முள்கரண்டிக்கு ஒரு பல் உடைந்து வெகு நாளாயிற்று, அதனால் அவள் பிஸ்கட் எல்லாவற்றிலும் மூன்றே துளை. ஆறியதும் நல்லதாக நாலைந்தைப் பொறுக்கித் துணியில் கட்டி, கைப்பையின் அடியில் ஒளித்து வைத்தாள். ஊசியிடம் இதைச் சொல்லவில்லை. நேரம் பார்த்து எடுத்து அசத்தவேண்டும் என்று வைத்திருந்தாள்.

ஓட்டல் வாசலில் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. அண்ணி யாரோ திறந்துவிட்டார்கள் என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டாள். உள்ளே தரை முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. உயரத்தில் ஒரு பெரிய விளக்கு கொத்தாகத் தொங்கியது. டீ குடிக்கும் கூடத்தின் வாசலில் ஒரு பலகை, வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்றது. அண்ணி கைப்பையை இடுக்கிக்கொண்டாள். திருட்டுச் சரக்கு கடத்துகிறவளைப் போல நடை மாறிவிட்டது.

"இயல்பா நட அண்ணி. நீ நடக்கறதைப் பார்த்தா என்னையும் சேர்த்துப் பிடிச்சுடுவாங்க," என்றாள் ஊசி. பையில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே சொன்னாள்.

ஜன்னல் ஓரத்து மேஜைகளில் வெயில் அழகாக விழுந்திருந்தது. அவற்றில் பாதி காலிதான். கூப்பனைப் பார்த்ததும் அவர்களைத் தூணுக்குப் பின்னால், சமையலறைக் கதவை ஒட்டிய மேஜைக்கு அழைத்துப் போனார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் அண்ணியின் முழங்கையில் இடித்தது. வேறு சமயமாக இருந்தால் அவள் முகம் தொங்கிப்போயிருக்கும். இன்று அவளுக்கு உள்ளூர ஒரு சிரிப்பு எழும்பியது. முதல் மதிப்பெண் நமக்கு. எங்கள் கடையில் யாரையும் தூணுக்குப் பின்னால் வைக்கமாட்டோம், ஏனென்றால் எங்கள் கடையில் தூணே கிடையாது.

நாற்காலி என்னவோ நன்றாகத்தான் இருந்தது. உட்கார்ந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள்.

டீ வர வெகு நேரம் ஆயிற்று. பசி காதை அடைத்தது. கடைசியில் வெயிட்டர் வந்தார், தலை நரைத்த, கால் வலியை முகத்தில் காட்டாமல் நடக்கிற மனிதர். மூன்றடுக்குத் தட்டை நடுவில் வைத்தார். பார்க்கக் கோபுரம் மாதிரி இருந்த அதில் தின்ன இருந்தது கோபுரத்துப் பொம்மை அளவுதான். வெள்ளிக் கெட்டிலின் மூடியிலிருந்து டீ பாக்கெட்டின் நூல் வெளியே தொங்கியது. அண்ணி அந்த நூலைப் பார்த்தாள், ஊசி அந்த நூலைப் பார்த்தாள், வெயிட்டர் மட்டும் வேறெங்கோ பார்த்தார்.

ஊசி கண்ணை மூடினாள். பரீட்சை தொடங்கியது.

டீ வெதுவெதுப்பாக இருந்தது. குளிக்க வைத்த தண்ணீர் இதைவிடச் சூடு என்றாள் ஊசி. விரல் நீளத்துக்கு நறுக்கிய சாண்ட்விச்சின் ஓரம் காய்ந்து சுருண்டிருந்தது. உள்ளே வெள்ளரிக்காய் இருந்ததா, அதன் நினைவு மட்டும் இருந்ததா என்று ஊசிக்குச் சந்தேகம். அடுத்து ஸ்கோன் என்று ஒரு பன். அதைப் பிட்கக் கத்தி போதவில்லை, கூடவே முழங்கையும் வேலை செய்தது. மேலே தடவ வைத்த கிரீம், முகம் மழிக்கிற நுரையை நினைவுபடுத்தியது. ஜாம் சின்னச் சின்ன பாக்கெட்டில், பிரிக்கிற இடத்தில் பிரியாமல் மற்ற இடத்தில் எல்லாம் பிரிந்தது.

ஒவ்வொன்றுக்கும் ஊசி உதட்டைப் பிதுக்கினாள். ஒவ்வொன்றுக்கும் அண்ணிக்கு உச்சி குளிர்ந்தது. இவ்வளவு மோசமான டீயை இவ்வளவு ஆனந்தமாக அந்தக் கூடத்தில் வேறு யாரும் குடித்திருக்கமாட்டார்கள். சந்தோஷத்தை அடக்கப் படாத பாடு பட்டாள். சிரிப்பு வரும்போதெல்லாம் ஓட்டல் வைத்த கைத்துணியால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து மேஜை அம்மா, பாவம், சாப்பாட்டில் ரொம்ப ஈடுபாடு போலிருக்கிறது என்று நினைத்திருக்கவேண்டும்.

வெயிட்டர் எல்லாம் திருப்திதானா என்று கேட்கவந்தார். ஊசி இதெல்லாம் இங்கேயே செய்ததா என்று நேராகக் கேட்டுவிட்டாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தினமும் காலையில் குளிர்வண்டியில் வந்து இறங்குகிறது, இங்கே பிரித்து அடுக்குவது மட்டும்தான் என்று தணிந்த குரலில் சொன்னார். அப்படியானால் லிஃப்டில் நெய் வாசனை வருகிறதாமே என்று அண்ணி கேட்டாள். அது வேலைக்காரர்களுக்குத் தனியாகச் சமைப்பது என்றார் அவர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு பெருமை தெரிந்தது.

அண்ணிக்கு எழுந்து ஆடலாம் போல இருந்தது. கடை கிடைத்துவிட்டது. ஊசி கிடைத்துவிட்டாள். இனி ஒரே ஒரு பிஸ்கட்தான் பாக்கி, கடைசிக் கையெழுத்து மாதிரி. தட்டில் ஓட்டல் பிஸ்கட் ஒன்றுகூட இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். நடு அடுக்கு காலியாகவே வந்திருந்தது. பரவாயில்லை, நம்முடையதையாவது எடுத்து வைப்போம். கை கழுவ ஊசி எழுந்து போனதும், அண்ணி பலகையை நினைத்துப் பயந்தபடி துணியை அவிழ்த்து, இரண்டு பிஸ்கட்டை மேஜை விரிப்பின்மேல் வைத்தாள்.

அவள் துணியை மறுபடி பைக்குள் திணித்து நிமிர்வதற்குள் வெயிட்டர் வந்து நின்றார். விரிப்பில் கிடந்த பிஸ்கட்டைப் பார்த்தார். தட்டிலிருந்து விழுந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இடுக்கியால் இரண்டையும் எடுத்து, நடு அடுக்கில் ஒன்றோடொன்று சாய்த்து அழகாக வைத்தார். பக்கத்தில் ஒரு பச்சை இலையும் செருகினார். அண்ணி பையை மடியில் அழுத்திக்கொண்டாள். அது வீட்டுச் சரக்கு என்று சொன்னால் வெளியே பிடித்துத் தள்ளுவார்களே.

வெயிட்டர் புது டீ கொண்டுவந்து வைத்தார். இந்தத் தடவை நன்றாகச் சூடாக இருந்தது. ஊசி திரும்பி வந்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, "ஓ, இது ஒண்ணு பாக்கியா?" என்று நடு அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்தாள். கண்ணை மூடிக் கடித்தாள்.

மெல்லுவது நின்றது. மறுபடி மென்றாள், மெதுவாக. ஒரு வாய் டீ குடித்தாள். மிச்சத்தையும் வாயில் போட்டாள். வெகு நேரம் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது அந்தக் கண்களில் அண்ணி இதுவரை பார்க்காத ஒரு சோர்வு இருந்தது.

"போச்சு அண்ணி," என்றாள்.

"என்ன போச்சு?"

"மத்ததெல்லாம் குப்பை, ஒத்துக்கறேன். ஆனா இது ஒண்ணு போதும். இதுக்காகத்தான் இவ்வளவு பெரிய இடம் நிக்குது. வாயில வெச்சதும் கரையுது, ஆனா மாவா ஒட்டலை. உப்பு எங்கேயோ பின்னாடி நின்னு எட்டிப் பார்க்குது. நம்மால இதை ஜென்மத்துக்கும் பண்ண முடியாது. நீ கோவிச்சுக்காதே. உன் பிஸ்கட் நல்லாத்தான் இருக்கும், ஆனா அது வேற, இது வேற." ஊசி கோப்பையைத் தள்ளி வைத்தாள். "எனக்கும் ஆசைதான் அண்ணி. வந்ததுலேர்ந்து ஒவ்வொண்ணும் மட்டமா இருக்க இருக்க, உள்ளுக்குள்ள நானும் குதிச்சுட்டுதான் இருந்தேன். உன்கிட்ட காட்டிக்கலை. காலையில போய்ச் சரின்னு சொல்லிடறேன்."

அண்ணி வாயைத் திறந்தாள். வார்த்தை வருவதற்குப் பதில் சிரிப்பு வந்தது. சிரிப்பை நிறுத்தப் பார்த்தால் கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் மூச்சு முட்டியது. அவள் சமைத்ததை ஒரு நாளும் வாய் நிறையப் பாராட்டாத நாக்கு அது. பரவாயில்லை, தேவலை, உப்பு தூக்கல், இந்த மூன்றைத் தவிர அதற்கு நாலாவது வார்த்தை தெரியாது என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

"அது என்னுது," என்று ஒருவழியாகச் சொன்னாள்.

ஊசி நம்பவில்லை. என்னைச் சமாதானப்படுத்த வாய்க்கு வந்ததைச் சொல்லாதே என்று கோபப்பட்டாள். நடு அடுக்கில் இலையோடு இருந்ததை என் கண்ணால் பார்த்தேனே என்றாள். அண்ணி பேச்சை விட்டுவிட்டு, தட்டில் மிஞ்சியிருந்த இன்னொரு பிஸ்கட்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"கண்ணைத் திறந்து பாரு. குத்து எத்தனை?"

ஊசி குனிந்து பார்த்தாள். ஒரு தையல் விட்டுப்போனாலும் ஓடுகிற துணியில் கண்டுபிடிக்கிறவள். வரிசையாக மூன்று துளை, நாலாவது இருக்கவேண்டிய இடம் மொழுக்கென்று இருந்தது. அந்த உடைந்த முள்கரண்டியைத் தூக்கிப் போடு என்று அவளே பலமுறை அண்ணியைத் திட்டியிருக்கிறாள். அண்ணி கைப்பையைத் திறந்து, மேஜைக்கு அடியில் துணியை விரித்து மற்றதையும் காட்டினாள். வெயிட்டர் வைத்த கதையையும் சொன்னாள்.

ஊசி துணியையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் ஏமாற்றிவிட்டதாக ஊசி நினைத்து, உள்ளதும் போய்விடுமோ என்று அண்ணி பயந்தாள்.

"எத்தனை வருஷமா உன் பிஸ்கட்டைத் திங்கறேன். என் நாக்குக்கு ஏன் தெரியலை?" என்று கேட்டாள் ஊசி. அது அண்ணியைக் கேட்ட கேள்வி இல்லை, நாக்கைக் கேட்ட கேள்வி. அதில் கோபத்தைவிட அவமானம்தான் இருந்தது.

அண்ணி யோசித்தாள். வீட்டில் நல்ல பிஸ்கட் எல்லாம் டப்பாவில் அடுக்கி ஆர்டருக்குப் போய்விடும். உடைந்தது, ஓரம் கருகியது, முந்தின நாள் மிஞ்சியது வீட்டுக்கு. அதையும் ஊசி வேலைக்கு ஓடும் அவசரத்தில், சமையலறை வாசலில் நின்றபடி, ஒரு கையால் செருப்பை மாட்டிக்கொண்டே வாயில் போட்டுக்கொள்வாள். அண்ணியும் அப்படித்தான், ஓவனைத் திறக்கும் நேரத்துக்கும் மூடும் நேரத்துக்கும் நடுவில். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சூடாக ஒரு டீ குடித்தது எப்போது என்று தேடிப் பார்த்தாள். ஞாபகத்தில் அப்படி ஒரு நாள் அகப்படவில்லை.

"நீ எப்ப முழு பிஸ்கட் தின்னே? உனக்கு நான் உடைஞ்சதைத்தானே குடுத்திருக்கேன்," என்றாள் அண்ணி. "அதையும் நின்னுட்டே தின்னே. நானும்தான்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தூணுக்குப் பின்னால், கதவு இடிக்கும் மேஜையில், இந்த மட்டமான டீயோடு ஏன் இவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்? பரீட்சையில் ஜெயிப்பதால் மட்டும் இல்லை. உட்கார்ந்திருந்தோம். யாரும் கூப்பிடவில்லை, எதுவும் கருகவில்லை, எதிரே இவள் இருந்தாள். இந்த ஓட்டல்காரனுக்கு டீ போடத் தெரியாது, பன் செய்யத் தெரியாது, ஆனால் இந்த ஒன்று தெரிந்திருக்கிறது. நாற்காலி கூடாது என்று மலை மாதிரி நின்றேனே, என் பிஸ்கட்டை நானே பாதி விலைக்குத் தள்ளிவிட்டது போலத்தானே என்று அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

"நாற்காலி போட்டுடலாம் ஊசி," என்றாள்.

ஊசி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். எழுந்தாள். தன் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டாள். கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்தி வந்தும் கழற்ற மறந்த இஞ்ச் டேப் காலருக்கு அடியில் இருந்தது. அதை உருவி, அந்தக் கூடத்தின் நட்டநடுவே மண்டி போட்டு, நாற்காலியின் அகலத்தை அளக்கத் தொடங்கினாள்.

அண்ணிக்குப் புரிந்துவிட்டது. வேலையை விடப்போகிறவள்தான் அப்படி அளப்பாள். அண்ணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பக்கத்து மேஜைகள் திரும்பிப் பார்த்தன. வெயிட்டர் கால் வலியை மறந்து ஓடிவந்து, நாற்காலியில் ஏதாவது குறையா என்று பதற்றமாகக் கேட்டார். குறை ஒன்றும் இல்லை, இந்த முனையைக் கொஞ்சம் பிடியுங்கள் என்று ஊசி டேப்பின் நுனியை அவர் கையில் கொடுத்தாள். மனிதர் மறுபேச்சில்லாமல் பிடித்துக்கொண்டார். சாய்மானத்தின் உயரத்தை அளக்கும்போது அவராகவே குனிந்து நேராகப் பிடித்தார். அண்ணி துணியிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, பலகையாவது ஒன்றாவது என்று அவருடைய இன்னொரு கையில் வைத்தாள். அவர் அதை நின்றபடியே கடிக்கப் போனார்.

"உக்காந்து தின்னுங்க," என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, இங்கே உட்கார அவருக்கு அனுமதி இல்லை என்று சொல்லி, பிஸ்கட்டைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

ஊசி டேப்பைச் சுருட்டிக்கொண்டு மனசுக்குள் கணக்குப் போட்டாள். கீழே உள்ள பூட்டுக் கடையின் நீள அகலம் அவளுக்கு மனப்பாடம். கடை வேண்டாம் என்று பிடி கொடுக்காமல் இருந்தவள் அதை எப்போது போய் அளந்து வைத்தாள் என்று அண்ணி கேட்கவில்லை.

"நாலு தாராளமா போடலாம் அண்ணி," என்றாள் ஊசி. "ரெண்டு வர்றவங்களுக்கு."

"மிச்சம் ரெண்டு?"

"நமக்கு," என்று சொல்லிவிட்டு, ஊசி நாற்காலியை மேஜையோடு இழுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்து, கெட்டிலில் மீதி இருந்த டீயை இரண்டு கோப்பையிலும் சமமாக ஊற்றினாள்.